ஸ்கேன் நார்மல், ஆனால் அடக்க முடியவில்லை

எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பயணத்துக்காக முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிற பெண்கள் உண்டு. காலையில் காப்பி கிடையாது. பஸ் ஏறுவதற்கு முன் வருகிறதோ இல்லையோ ஒரு தடவை போய்விட்டு வருவார்கள். இறங்கியதும் கண்கள் தேடுவது கழிப்பறையைத்தான். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். "ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வந்துட்டா அடக்க முடியல" என்பதைப் பெற்ற மகளிடம் சொல்லவே கூச்சம். தைரியம் வந்து மதினியிடம் சொன்னால், "வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

சிலர் அதையும் தாண்டி டாக்டரிடம் போகிறார்கள். சிறுநீர்ப் பரிசோதனை, சர்க்கரை, வயிற்று ஸ்கேன் என்று சீட்டு எழுதித் தருகிறார்கள். கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ ஸ்கேன் எடுத்து வந்தால் கடைசி வரியில் 'நார்மல் ஸ்டடி' என்று இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த அம்மாவுக்கு மட்டும் குழப்பம். ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பது நிற்கவில்லை, கதவைத் திறப்பதற்குள் சேலை நனைவதும் நிற்கவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் எல்லாம் தன் மனப்பிரமையா என்று யோசிக்க ஆரம்பிக்கிறார்.

பிரமை இல்லை. இந்த நோய் ஸ்கேன் படத்தில் தெரிகிற வகையே இல்லை. ஆனாலும் ஸ்கேன் வீண் என்று சொல்லிவிட முடியாது. சரியாக எடுத்தால் சிகிச்சையையே மாற்றக்கூடிய இரண்டு எண்கள் அதிலிருந்து கிடைக்கும். அந்த இரண்டையும் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் நோயைப் பார்ப்போம். சிறுநீர்ப்பை தசையாலான பை. சிறுநீரகங்கள் இரண்டும் சொட்டுச் சொட்டாக அனுப்புவதை வாங்கிச் சேர்த்து வைக்கும். 150, 200 மில்லிலிட்டர் சேர்ந்ததும் 'போகலாம்' என்ற லேசான எண்ணம் வரும். 400, 500 வரைக்கும் பெரும்பாலோரால் தாங்க முடியும். அதுவரை பையின் தசை தளர்ந்தே இருக்க வேண்டும், கீழே வாய்ப்பகுதி இறுகி இருக்க வேண்டும். கழிப்பறையில் உட்கார்ந்த பிறகுதான் மூளை அனுமதி கொடுக்கும். தசை சுருங்கும், வாய் திறக்கும். மிகைச் செயல் சிறுநீர்ப்பை உள்ளவர்களுக்கு இந்த ஒழுங்கு கெடுகிறது. பை பாதிகூட நிறைந்திருக்காது, அதற்குள் தள்ளிப்போடவே முடியாத அவசரம் திடீரென்று கிளம்பும். டாக்டர்கள் இதை 'ஓவர் ஆக்டிவ் பிளாடர்' என்பார்கள், சீட்டில் சுருக்கமாக ஓ.ஏ.பி. என்று எழுதுவார்கள்.

சர்வதேசச் சிறுநீர்க் கட்டுப்பாட்டுச் சங்கம் 2002இல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. அதில் மையமாக இருப்பது அந்த அவசர உணர்வு. கூடவே பகலில் அடிக்கடி போவதும் ராத்திரியில் எழுந்திருப்பதும் இருக்கும். துணி நனைவது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தொற்றோ வேறு வெளிப்படையான காரணமோ இருக்கக் கூடாது. கவனித்தீர்களா, இந்த வரையறையில் படமும் இல்லை, ரத்தப் பரிசோதனை எண்ணும் இல்லை. நோயாளி சொல்வதை வைத்தே நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த அம்மா வாயைத் திறக்காவிட்டால் எந்த மெஷினாலும் அவருக்காகப் பேச முடியாது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சொட்டுகிறது என்றால் அது வேறு. அங்கே பை அமைதியாகத்தான் இருக்கிறது, கீழே தாங்குகிற தசை தளர்ந்துவிட்டது. அதற்கான சிகிச்சையும் வேறு. இரண்டும் சேர்ந்தே இருக்கிறவர்களும் நிறைய. எனவே டாக்டரிடம் 'நீர் கசியுது' என்று மட்டும் சொல்லாமல், எப்போது, என்ன செய்யும்போது என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி ஸ்கேனுக்கு வருவோம். அல்ட்ராசவுண்ட் என்பது மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி. நம் காது எட்டுவது நொடிக்கு 20,000 அதிர்வு வரைக்கும்தான். வயிற்றில் வைக்கிற கருவி 30 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வு வரை உள்ள ஒலியை அனுப்பும். தூத்துக்குடி விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் இருக்குமே, கடலுக்குள் ஒலியை அனுப்பி அடியில் பாறையா மணலா, எத்தனை பாகம் ஆழம் என்று திரையில் காட்டுவது, அதே வேலையைத்தான் இது உடம்புக்குள் செய்கிறது. எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தாலும் கெடுதல் கிடையாது.

இதை வயிற்று மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு டாக்டர் அயன் டொனால்ட். உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் கருவியை வைத்துத் தொடங்கி, பொறியாளர் டாம் பிரவுன், டாக்டர் ஜான் மாக்விக்கர் இருவரோடும் சேர்ந்து 1958இல் கட்டுரை வெளியிட்டார். 1960களில் அவர் கண்டுகொண்ட இன்னொரு விஷயம்தான் இன்றைக்கும் பெண்களைத் தண்ணீர் பாட்டிலோடு ஸ்கேன் சென்டரில் உட்கார வைக்கிறது. குடலில் இருக்கும் காற்று ஒலியைத் தடுத்துவிடும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது குடலை மேலே தள்ளிவிட்டு, பின்னால் இருக்கும் கர்ப்பப்பையைப் பார்க்க வழிவிடும். டாக்டருக்கு அது ஜன்னல். அடக்க முடியாத பெண்ணுக்கு அது தண்டனை.

எந்த ஸ்கேன் சென்டரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம், சொல்வது குற்றம் என்ற பலகை சுவரில் இருக்கும். அதன் கீழே பெஞ்சில் பத்துப் பெண்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அழைத்து ஜெல் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் நிறையணும் ஆச்சி, இன்னொரு பாட்டில் குடிச்சிட்டு வாங்க" என்பார் உள்ளே இருக்கும் பெண். "இதுக்கு மேல தாங்காதும்மா" என்று கெஞ்சுவார் ஆச்சி. "எல்லாருக்கும் அப்படித்தான், கொஞ்சம் அடக்குங்க" என்று பதில் வரும். ஆச்சி வெளியே வந்து கழிப்பறைக்கு ஓடிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து குடிக்க ஆரம்பிப்பார்.

என்னைக் கேட்டால், நோயைப் பற்றிய பெரிய தகவல் அந்த இடத்தில்தான் கைநழுவிப் போகிறது. "தாங்காது" என்று அவர் சொன்ன அந்த நிமிடத்தில் பையில் எவ்வளவு இருந்தது? அதை அளந்து எழுதியிருந்தால் அதுதான் முதல் எண்.

அளப்பது மிகச் சுலபம். திரையில் சிறுநீர் கறுப்பாகத் தெரியும், அதைச் சுற்றிப் பையின் சுவர் சாம்பல் நிறத்தில் இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்துப் பெருக்கி, வந்ததை 0.52ஆல் பெருக்கினால் கொள்ளளவு. மெஷினே கணக்குப் போட்டுவிடும். 9, 8, 7 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 262 மில்லிலிட்டர். 6, 5, 5 என்றால் 78தான். 'தாங்காது' என்று துடிக்கிறவரின் பையில் 78 மில்லி மட்டுமே இருந்தால், நிறைவதற்கு முன்பே அவசரம் வருகிறது என்பது கண்ணுக்கு முன் நிற்கிறது. அதே துடிப்போடு வருகிறவரிடம் 600 இருந்தால் கதை வேறு. அவர் நெடுநேரம் அடக்கியிருக்கிறார், அல்லது பை நிறைந்ததே அவருக்கு நேரத்தில் உணர்வாகவில்லை. இந்த ஒரு அளவை வைத்து நோயை உறுதிசெய்துவிட முடியாது. பதற்றமும் குளிரும்கூட அவசரத்தைக் கிளப்பும். ஆனால் நோயாளி சொல்வதற்கும் பையில் இருப்பதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

இரண்டாவது எண் இன்னும் முக்கியமானது. கழிப்பறைக்குப் போய்விட்டு வந்த பிறகு பையில் எவ்வளவு மீதம் நிற்கிறது என்ற கணக்கு. சீட்டில் 'பி.வி.ஆர்.' என்றோ 'போஸ்ட் வாய்ட்' என்றோ எழுதியிருக்கும். 50 மில்லிக்குள் இருந்தால் கவலை இல்லை. 200ஐத் தாண்டினால் பை சரியாகக் காலியாகவில்லை என்று அர்த்தம். நடுவில் இருந்தால் வயதையும் மற்ற தொந்தரவுகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

மீதத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அடிக்கடி போவது என்ற ஒரே தொந்தரவு இரண்டு நேர்மாறான காரணங்களால் வரலாம். ஒன்று, காலியான பை வீணாகத் துடிப்பது. இன்னொன்று, எப்போதும் முக்கால் நிறைந்தே இருக்கும் பையில் மேலும் கொஞ்சம் சேர்ந்தவுடன் வழிவது. பல வருஷம் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மழுங்கி, பை நிறைந்ததே தெரியாமல் இரண்டாவது நிலை வரக்கூடும். கர்ப்பப்பை இறக்கம் அதிகமாக உள்ளவர்களுக்கும் சிறுநீர்த்தாரை மடங்கி மீதம் நிற்கலாம். வெளியே பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: அடிக்கடி போகுது, நனையுது. ஆனால் துடிக்கும் பையை அமைதிப்படுத்துகிற மாத்திரையை இரண்டாமவருக்குக் கொடுத்தால், ஏற்கனவே சோர்ந்திருக்கும் தசை இன்னும் சோர்ந்து நீர் அடைத்தே போய்விடலாம். ஐந்து நிமிட ஸ்கேன் இந்த ஆபத்தைத் தவிர்த்துவிடும்.

இங்கேதான் நம் ஊர் ஸ்கேன் சென்டர்களின் வழக்கம் ஒரு குழியைத் தோண்டி வைத்திருக்கிறது. சாதாரண நேரத்தில் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிதான் இறக்கும். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தவருக்கு அது நிமிடத்துக்கு 10 மில்லி அளவுக்குக்கூட ஏறும். அவர் கழிப்பறை போய்விட்டு வருகிறார். உள்ளே வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். "உக்காருங்க, கூப்பிடுறேன்" என்கிறார்கள். கால் மணி நேரம் போகிறது. மறுபடி பார்த்தால் பையில் 150 மில்லி. சீட்டில் 'சிறுநீர் மீதம் கணிசமாக உள்ளது' என்று ஏறிவிடும். உண்மையில் அவர் பையை முழுக்கக் காலி செய்தவர். அந்த 150 பெஞ்சில் காத்திருந்தபோது புதிதாக வந்து சேர்ந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. தாங்க முடியாத அளவுக்கு நிறைத்து வைத்த பை, ஆரோக்கியமானவருக்கே ஒரே தடவையில் முழுதும் காலியாகாது.

ஆகவே மீதம் பார்க்க வேண்டும் என்றால் வழக்கமாக வருகிற உணர்வு வந்ததும் போய்விட்டு, கை கழுவிய ஈரத்தோடு மேஜையில் படுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாகிவிட்டால் இன்னொரு தடவை போய்விட்டு வந்து பார்க்கச் சொல்லலாம். ஒரே ஒரு முறை அதிகமாக வந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது; வேறொரு நாள் திரும்பப் பார்ப்பதுதான் முறை. "இப்பத்தான் போயிட்டு வந்தேன், உடனே பாத்துருங்கம்மா" என்று கேட்க எந்தப் பெண்ணும் தயங்க வேண்டியதில்லை. அது அவருடைய சீட்டு, அவருடைய காசு.

மருத்துவமனை வார்டுகளில் கையடக்கமான பிளாடர் ஸ்கேனர் என்று ஒன்று இருக்கும். படம் பார்த்து அளக்க ஆள் வேண்டாம், வயிற்றில் வைத்து அழுத்தினால் எண்ணைச் சொல்லிவிடும். வசதிதான், ஆனால் அதற்குச் சிறுநீர் எது, வேறு நீர் எது என்று பிரிக்கத் தெரியாது. சினைப்பையில் பெரிய நீர்க்கட்டி இருந்தாலோ வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ அதையும் மூத்திரக் கணக்கில் சேர்த்துவிடும். படம் பார்க்கும் ஸ்கேனில் அந்தத் தப்பு நடக்க வாய்ப்பு குறைவு.

எண்கள் போக, ஸ்கேன் வேறு சில குற்றவாளிகளையும் பிடித்துக் கொடுக்கும். பைக்குள் கல் இருந்தால் பளிச்சென்று தெரியும், பின்னால் நிழல் விழும். பையை அழுத்திக்கொண்டு நிற்கும் கர்ப்பப்பைக் கட்டி தெரியும். சிறுநீரகம் வீங்கியிருந்தால் தெரியும். பைக்குள் சதை வளர்ந்திருந்தால் பெரும்பாலும் தெரியும். சின்னதாக இருந்தால் தப்பிவிடலாம், எனவே சிறுநீரில் ரத்தம் வந்தவர்கள் ஸ்கேன் நார்மல் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. தொற்று ஸ்கேனில் தெரியாது, அதற்குச் சிறுநீரைத்தான் பரிசோதிக்க வேண்டும். சர்க்கரை ஏறியதும், மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சியும், நாளுக்கு ஆறு டீ குடிக்கிற பழக்கமும், பிரஷருக்காகப் போடுகிற நீர் மாத்திரையும், நாலு நாள் மலச்சிக்கலும் படத்தில் விழாது. இத்தனையும் அவசரத்தைக் கிளப்பக்கூடியவை.

சரி, துடிக்கிற பையைப் படத்திலேயே கண்டுபிடிக்க யாரும் முயற்சி செய்யவில்லையா? செய்தார்கள், நம்பிக்கையோடு செய்தார்கள். மூடிய வாயை எதிர்த்துத் திரும்பத் திரும்பச் சுருங்கும் தசை நாளடைவில் தடித்துப்போகும் அல்லவா, அப்படியானால் பைச்சுவரின் தடிமனை அளந்தால் நோயைச் சொல்லிவிடலாமே என்று லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் விக் குல்லர், லிண்டா கார்டோஸோ குழுவினர் யோசித்தார்கள். பை காலியாக இருக்கும்போது பெண்ணுறுப்பு வழியாக ஸ்கேன் கருவியை வைத்து, சுவரின் மூன்று இடங்களில் தடிமனை அளந்து சராசரி எடுத்தார்கள். 1994இல் இந்த அளவு முறையை வெளியிட்டார்கள். 1996இல், சராசரி 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பைத்தசை தன்னிச்சையாகத் துடிக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்றார்கள். உலகம் முழுக்க டாக்டர்களுக்கு உற்சாகம். குழாய் செருகும் பரிசோதனைக்குப் பதிலாக ஒரு ஸ்கேன் போதும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த உற்சாகத்தை உரசிப் பார்த்தவர் பர்மிங்ஹாமில் பணியாற்றும் டாக்டர் பல்லவி லத்தே. பிரிட்டனின் 22 மருத்துவமனைகளில் 687 பெண்களை வைத்து அவருடைய குழு நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. ஒவ்வொருவருக்கும் தடிமனையும் அளந்தார்கள், குழாய்ப் பரிசோதனையும் செய்தார்கள். 5 மில்லிமீட்டரைக் கோடாக வைத்தால், பைத்தசை துடிக்கும் 100 பேரில் 43 பேரைத்தான் ஸ்கேன் பிடித்தது. துடிப்பே இல்லாத 100 பேரில் 62 பேரை மட்டும் சரியாக விடுவித்தது. காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கோட்டை மேலே கீழே நகர்த்திப் பார்த்தும் தேறவில்லை. சிறிய ஆய்வில் பளபளத்த ஒன்று பெரிய ஆய்வில் மங்கிப்போவது மருத்துவத்தில் புதிதில்லை. இருந்தாலும் சீட்டில் 'பைச்சுவர் லேசாகத் தடித்துள்ளது' என்ற வரியைப் பார்த்து வீட்டில் கலவரப்படுகிறவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது. பை சரியாக நிறையாமல் எடுத்தாலே சுவர் தடித்துத்தான் தெரியும்.

குழாய்ப் பரிசோதனை என்று சொன்னேனே, அதன் பெயர் யூரோடைனமிக்ஸ். மெல்லிய குழாயைப் பைக்குள்ளும் இன்னொன்றை ஆசனவாய்க்குள்ளும் செலுத்தி, பையில் மெதுவாக நீரை நிரப்பி, அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று கோடாக வரைந்து பார்ப்பார்கள். கூச்சமும் கொஞ்சம் எரிச்சலும் உண்டு, தொற்று வரவும் சிறு வாய்ப்பு உண்டு. பெரிய மருத்துவமனைகளின் சிறுநீரகவியல் பிரிவுகளில்தான் வசதி இருக்கும். இதுவே கடைசித் தீர்ப்பு என்றும் நினைத்துவிட வேண்டாம். நிஜமாகவே அவசரத்தால் அவதிப்படும் பெண்கள் பலருக்கு அந்தப் பரிசோதனை மேஜையில் துடிப்பு எதுவும் பதிவாவதில்லை. அறுவைக்கோ ஊசிக்கோ முன்னால், அல்லது மாத்திரை எதுவும் கேட்காதபோது இதை எடுக்கிறார்கள்.

சர்வதேச வழிகாட்டுதல்களும் இந்தப் பக்கமே சாய்கின்றன. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு, பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கு மீதம் பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் வழக்கமாக அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டாம் என்கிறது. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2012 வழிகாட்டுதல், வேறு சிக்கல் இல்லாதவருக்குத் தொடக்கத்திலேயே ஸ்கேனும் யூரோடைனமிக்ஸும் தேவையில்லை என்றது. நம் ஊரில் சீட்டில் முதலில் ஏறுவதே ஸ்கேன்தான். அதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். கல்லும் கட்டியும் முற்றிய பிறகே டாக்டரைப் பார்க்கிற பழக்கம் உள்ள இடத்தில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லதுதான். ஸ்கேன் நார்மல் என்றதும் சிகிச்சையும் நின்றுபோவதுதான் குற்றம். வேறு காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஓ.ஏ.பி. சிகிச்சையே ஆரம்பிக்கிறது. நார்மல் என்ற சொல் அங்கே தொடக்கம்.

வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது தவிர வேறு வழிகளிலும் ஸ்கேன் எடுப்பார்கள். பெண்ணுறுப்பு வழியாக எடுப்பதை டி.வி.எஸ். என்பார்கள். இதற்குப் பை நிறைந்திருக்க வேண்டியதில்லை, போய்விட்டு வந்து படுத்தால் போதும் என்பது அடக்க முடியாதவர்களுக்கு ஆறுதல். திருமணமாகாதவர்களுக்குப் பொதுவாக இதைச் செய்ய மாட்டார்கள். எல்லோரிடமும் முன்கூட்டிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், பெண் உதவியாளர் உடனிருக்க வேண்டும். கருவியை உள்ளே செலுத்தாமல் வெளிப்புறத்திலேயே வைத்துப் பார்க்கிற முறையும் இருக்கிறது. சிட்னியில் ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ் இதை விரிவாக வளர்த்தெடுத்தார். முக்கச் சொல்லிப் பார்த்தால் பையும் கர்ப்பப்பையும் எவ்வளவு இறங்குகின்றன, தாங்கும் தசை எங்கே கிழிந்திருக்கிறது என்பதெல்லாம் ஓடும் படத்தில் தெரியும். இருமினால் கசிகிறவர்களுக்கும் அடி இறங்கியவர்களுக்கும் இது மிகவும் பயன்படுகிறது. அவசர உணர்வுக்கு அந்த அளவுக்கு இல்லை.

ஆராய்ச்சி ஓய்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் சிறுநீரகவியல் டாக்டர் ஆடம் கிளாஸ்னரும் பொறியாளர் ஜான் ஸ்பைக்கும் வேறு கோணத்தில் போகிறார்கள். தடிமன் என்ற அசையாத அளவை விட்டுவிட்டு, பை நிறைய நிறைய என்ன நடக்கிறது என்பதைக் கவனிக்கிறார்கள். குழாய் கிடையாது. நிறையக் குடிக்கச் சொல்லி, பை தானாக நிறைவதை முப்பரிமாண அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நோயாளி கையில் ஒரு திரை. அவசரம் ஏற ஏற அவரே விரலால் தள்ளிக் காட்டுவார். எந்த அளவில் எந்த உணர்வு, அப்போது பையின் வடிவம் எப்படி மாறுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு. ஸ்கேன் சென்டர் பெஞ்சில் ஆச்சி "தாங்காதும்மா" என்றபோது கைநழுவிய தகவலைத்தான் அங்கே முறையாகச் சேகரிக்கிறார்கள். ஊர் ஸ்கேன் சென்டரில் கேட்டு எடுக்கிற பரிசோதனையாக அது இன்னும் வரவில்லை.

இவ்வளவு எளிய பரிசோதனையை ஊருக்கே கொண்டுவந்து முகாம் போட்டால் என்ன என்று தோன்றும். அங்கே சட்டம் நிற்கிறது, காரணத்தோடுதான் நிற்கிறது. பெண் சிசுவைக் கருவிலேயே கண்டுபிடித்து அழிப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் மெஷினும் பதிவாக வேண்டும். 2012இல் விதிகளைத் திருத்தி, தூக்கிச் செல்லக்கூடிய மெஷின்களைப் பதிவான கட்டடத்தில் உள்நோயாளிகளுக்கும், பல சேவைகளைச் சேர்த்து வழங்கும் நடமாடும் மருத்துவ வண்டியிலும் மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டினார்கள். ஆகவே எட்டயபுரத்து ஆச்சி பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான மற்றதெல்லாம் ஊரிலேயே நடக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். வருகிறவரும் பெண்தான் என்றால், இந்தத் தொந்தரவையும் அவரிடம் சொல்லலாம்.

சொல்வதற்கு முன் மூன்று நாள் குறிப்பு எழுதுவது ஸ்கேனைவிடப் பெரிய உதவி. பழைய அளவுக் குவளை ஒன்றைக் கழிப்பறையில் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மில்லி, அவசரமாக வந்ததா, நனைந்ததா, என்ன குடித்தோம் என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதினால் போதும். எழுதத் தெரியாதவருக்குப் பேத்தி எழுதிக் கொடுக்கட்டும். நாளுக்கு 14 தடவை, ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லி என்று இருந்தால் டாக்டர் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார். 14 தடவையும் 300 என்றால் பை நன்றாக இருக்கிறது, குடிப்பது அதிகம், அல்லது சர்க்கரை ஏறியிருக்கிறது.

கரிசல் காட்டில் களை எடுக்கப் போகிறவர்களும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களும், ஜவுளிக்கடையில் நிற்கிறவர்களும் போக இடமில்லாமல் தண்ணீரையே நிறுத்திவிடுகிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் திக்காகிப் பையை இன்னும் உறுத்தும், தொற்றுக்கும் வழிவிடும். தொழிற்சாலையில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. கடைப் பெண்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வர 2021 ஆனது. நாற்காலி வந்த கடைகளில் கழிப்பறை போய்வர நேரமும் தருகிறார்களா என்பது வேறு விஷயம்.

சிகிச்சை படிப்படியாகத்தான். முதலில் டீ, காப்பியைக் குறைப்பது, மலச்சிக்கலைச் சரிசெய்வது. அடுத்தது பைக்குப் பயிற்சி. அவசரம் வந்தவுடன் ஓடாமல் நின்று அல்லது உட்கார்ந்து, சிறுநீரைப் பாதியில் நிறுத்தும்போது இறுக்குவோமே அந்தத் தசையை நாலைந்து முறை இறுக்கி விட்டு, அலை அடங்கியதும் நிதானமாக நடந்து போக வேண்டும். இடைவெளியைக் கால் மணி, அரை மணி என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். குறைந்தது ஆறு வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு சிலருக்கு உதவும். அதன் பிறகு மாத்திரை. சோலிஃபெனாசின், டோல்டெரோடின் போன்றவை வாயை உலர்த்தும், மலச்சிக்கலைக் கூட்டும். வயதானவர்களுக்குக் கவனமாகத்தான் கொடுப்பார்கள். மிராபெக்ரான் வேறு வகை. அதில் வாய் உலர்வது குறைவு, ஆனால் கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

காய்ச்சலோடு இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம், திடீரென்று அடைத்துக்கொள்வது, கால் மரத்துப்போய்க் கூடவே நீர் பிரிவது தெரியாமல் போவது, இவை எதற்கும் பயிற்சி, குறிப்பு என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாத்திரை ஆரம்பித்தவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முதல் சில வாரங்களில் நீர் இறங்கச் சிரமமாக இருந்தாலோ, முக்கிப் போக வேண்டியிருந்தாலோ, போன பிறகும் நிறைந்த மாதிரியே இருந்தாலோ மாத்திரையை எழுதிக் கொடுத்தவரிடம் உடனே சொல்லி, மீதத்தை மட்டும் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முழு வயிற்று ஸ்கேன் வேண்டாம், லிட்டர் கணக்கில் தண்ணீரும் வேண்டாம். போய்விட்டு வந்து உடனே படுத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய சீட்டையும் கையோடு கொண்டு போங்கள், முன்பு இருந்த மீதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.